வெள்ளை வேட்டிக்கு ஒரு கேமரா

சாலை பஜாரில் அப்பா டீ மாஸ்டராக இருந்த ஹோட்டலில் அந்த வாரம் முழுக்கத் தேர்தல் நடந்தது. போட்டியிட்டவை இரண்டு கேமராக்கள்.

கேமராக் கடையிலிருந்து நான் வாங்கி வந்த இரண்டு விளம்பரத் தாள்களையும் அப்பா பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டார். ஒன்றில் கம்பெனியின் பெயர் மஞ்சளில் இருந்தது, மற்றதில் சிவப்பில். அப்பாவுக்கு எந்த மொழியும் படிக்க வராது. அதனால் அவருக்கு அவை மஞ்சள், சிவப்பு, அவ்வளவுதான். டீ குடிக்க வருகிறவர்களிடம் எல்லாம், "நம்ம பய புதுசா டிஜிட்டல் கேமரா எடுக்கப் போறான். எதை எடுக்கலாம், பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே ஆற்றுவார். சுமை இறக்குகிற தோழர்கள் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சிவப்புன்னா பின்னே ஆலோசிக்கணுமா அண்ணாச்சி?" என்றார்கள். பூக்கடைக்காரர்கள் மஞ்சளுக்குப் போட்டார்கள், மங்களகரமாம். ஒருத்தர் மட்டும் தாள்களைக் கிட்டப் போய்ப் பார்த்து, சிவப்பில் எட்டு மெகாபிக்சல், மஞ்சளில் ஆறு என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா சிவப்புக் கட்சிக்குத் தாவிவிட்டார்.

"எட்டு இருக்கையிலே எவனாவது ஆறை வாங்குவானாலே?"

"அது அப்படி இல்லப்பா."

"பின்னே எப்படி? நீ படிச்சவன், சொல்லு."

அதுதான் சிக்கல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்து, அப்பா பாய்லர் முன்னாலும் அம்மா கட்டட வேலையிலும் நின்று என்னை பி.காம். வரை படிக்க வைத்தார்கள். அச்சில் இருக்கிற எதையும் படித்துவிட்டால் எனக்கு விடை தெரிந்துவிடும் என்பது அவர்கள் இருவரின் உறுதியான நம்பிக்கை. நானும் பொது நூலகத்தில் உட்கார்ந்து, கேமரா பத்திரிகைகளின் பழைய இதழ்களை எல்லாம் தேர்வுக்குப் படிக்கிற மாதிரி படித்தேன். படிக்கப் படிக்க, காலையில் மஞ்சளாகவும் மாலையில் சிவப்பாகவும் மாறிக்கொண்டிருந்தேனே தவிர விடை கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நான் கத்துக்குட்டி இல்லை. பள்ளியில் படிக்கும்போதே ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து, பத்து வருஷத்துக்கு மேல் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஃபிலிமில் எடுத்துத் தள்ளியவன். என் பழைய கேமராவில் வெளிச்சத்தை அளந்து சொல்லும் மீட்டர் எந்தக் காலத்திலோ செத்துப் போயிருந்தது. நான் அதை ரிப்பேர் செய்யவே இல்லை. மண்டபத்துக்குள் நுழைந்து, கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்த்தால் போதும், எவ்வளவு வெளிச்சம் கொடுக்க வேண்டும் என்று கை சொல்லிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. எங்கள் ஆட்களின் கருத்த முகங்கள் பிரிண்டில் சேறாகிவிடக் கூடாது என்று, கணக்குக்கு மேல் எப்போதும் ஒரு படி கூட்டித்தான் கொடுப்பேன், வெளிச்சம் இரட்டிப்பாகும். ஃபிலிம் நெகட்டிவ் அதைத் தாங்கும். லேப்காரர் என் ரோல்களைப் பார்த்தாலே சிரிப்பார், அவ்வளவு சுலபமாகப் பிரிண்ட் வருமாம்.

இந்த அவசரத்துக்குக் காரணம் ஸ்ரீவராகத்து மாமி. ஸ்ரீவராகம் அக்கிரகாரத்தில் அவர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். நான் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தபின், என் பெயரைக் கேட்டு வந்த முதல் கல்யாணம் அது. என் ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்து "பேஷா இருக்கு" என்று சொன்ன மாமி, மூடும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"டிஜிட்டல் இருக்கோல்லியோ? என் பிள்ளைக்கு அமெரிக்காவிலேர்ந்து வர முடியலை. தங்கை கல்யாணத்தை அன்னிக்கே பார்த்தாகணும்னு அங்கே காத்துண்டிருப்பான். சாயங்காலம் இ-மெயில்லே படம் போயாகணும், கேட்டேளா?"

"அன்னிக்கு இருக்கும் மாமி" என்றேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. என் பெயரில் ஒரு கல்யாணம்! அதுவும் டிஜிட்டலில்! தெப்பக்குளத்து ஓரமாக நடக்கையில், போகிற வருகிற மாடு, ஆட்டோ, பால்காரர் எல்லாவற்றையும் விரலால் சட்டம் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கையிருப்பை எண்ணிப் பார்த்தேன். ஒரு கேமரா வாங்கத்தான் வழி இருந்தது. தப்பாக வாங்கினால் மாற்ற முடியாது. அமெரிக்காவில் ஓர் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருப்பான்.

குழப்பம் இதுதான். வருஷக்கணக்காகச் சேர்த்த மூன்று லென்ஸ்கள் என்னிடம் இருந்தன. கையால் திருப்பி ஃபோகஸ் செய்கிற பழைய லென்ஸ்கள். அவை மஞ்சளில் பொருந்தும், சிவப்பில் பொருந்தாது. சிவப்பை எடுத்தால் மூன்றையும் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான். ஆனால் மஞ்சளில் அந்த லென்ஸைப் போட்டால் கேமராவின் மீட்டர் வேலை செய்யாது.

புளிமூடு ஜங்ஷனில் இருந்த கேமராக் கடை முதலாளி இதைப் பெரிய குறையாகச் சொன்னார். மலையாளி, என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார். "புது கேமரா வாங்கி மீட்டர் இல்லாம எடுக்கறதோ? எந்தினா தம்பி? சிவப்பு மதி, அது போதும். டவுன்ல எல்லாரும் அதுதானே எடுக்குது."

"மீட்டர் எதுக்கு சார்? நான்தான் மீட்டர்" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சரி மீட்டரே. ரெண்டையும் எடுத்துப் பாரு. பின்னே சொல்லு."

எதை எடுத்துப் பார்ப்பது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பத்திரிகைகளில் பூவையும் பூனையையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அக்கிரகாரத்துக் கல்யாணத்தில் பூவா முக்கியம்? மாப்பிள்ளை, மாமனார், வாத்தியார், சித்தப்பாக்கள் அத்தனை பேரும் மேலே சட்டையில்லாமல், இடுப்பில் வெள்ளை வெளேரென்று வேட்டியோடு நிற்பார்கள். மார்பும் முகமும் சரியாக வர வேண்டும், அதே படத்தில் வேட்டியின் மடிப்பும் சரிகைக் கரையும் தெரிய வேண்டும். அதைச் செய்கிற கேமராதான் எனக்கு வேண்டும்.

அப்படி ஒரு மாடலுக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. கரி வண்ணத்தில், சட்டையைக் கழற்றச் சொன்னால் கூச்சப்படாத ஒருவர் வீட்டிலேயே இருந்தார்.

மறுநாள் பிற்பகல் ஹோட்டலில் இடைவேளை விட்டதும், சரிகைக் கரை போட்ட தன் ஒரே நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா புளிமூட்டுக்கு வந்து இறங்கினார். நெற்றியில் விபூதி வேறு. கடை வாசல் நிழலில் நிற்க வைத்தேன். எம்.ஜி. ரோடு முழுக்க எங்களைப் பார்த்தது. பஸ்ஸிலிருந்து ஒருத்தன் தலையை நீட்டி, "அண்ணாச்சி, சினிமாவா?" என்று கத்தினான்.

"ஆமாடே! ஹீரோயின் வந்துட்டிருக்கா!" என்று அப்பா திருப்பிக் கத்தினார்.

"அப்பா, அசையாதீங்க."

"மூச்சு விடலாமாலே?"

முதலில் சிவப்பு. எல்லாவற்றையும் தானியங்கியில் வைத்து, கூடவே வந்த லென்ஸில் ஒன்றும் செய்யாமல் அமுக்கினேன். கையில் மொழுமொழுவென்று இருந்தது, யாரோ ஒருவருடைய கேமரா மாதிரி. பிறகு மஞ்சளில் என் பழைய லென்ஸைப் போட்டேன். டக் என்று அது போய்ப் பூட்டிக்கொண்ட சத்தம் எனக்கு நாதஸ்வரம் போலக் கேட்டது. கண்ணைச் சுருக்கி வெளிச்சத்தைப் பார்த்தேன், கை சொன்னதை வைத்தேன், அமுக்கினேன். உடனே என் கட்டை விரல் தானாக எழுந்து, அடுத்த ஃபிரேமுக்கு ஃபிலிமைச் சுற்றப் போய், ஒன்றுமில்லாத காற்றைத் தள்ளியது. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். நான் மறுபடி அமுக்க, விரல் மறுபடி சுற்றியது. அப்பா, "அவன் விரலை என்னத்துக்கு ஆட்டுதான்?" என்று முதலாளியிடம் கேட்டார். பத்துப் படம் எடுத்தும் விரல் கேட்கவில்லை.

கேமராவின் முதுகில் இருந்த திரை தீப்பெட்டி அளவுதான். வெயிலில் அதில் எல்லாமே அழகாகத்தான் தெரிந்தது. கடைக் கம்ப்யூட்டரில் முதலாளி கணக்கெழுதிக்கொண்டிருந்ததால், கார்டுகளைக் கழற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். ஹோட்டலுக்கு இன்னும் நேரமிருக்கிறது, தன்னைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று அப்பாவும் அதே கோலத்தில் உடன் வந்தார். தோளில் ஒரு துண்டு மட்டும் சேர்ந்திருந்தது.

அட்டக்குளங்கரையில் என் கல்லூரி நண்பன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். அவன் பழுத்த சிவப்புக் கட்சி. கார்டுகளைப் போட்டு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தான்.

சிவப்பில் அப்பா அப்பாவாக இருந்தார். வேட்டி வேட்டியாக இருந்தது.

மஞ்சளில் இடுப்புக்குக் கீழே வேட்டி இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. மடிப்பு இல்லை, நூல் இல்லை, சரிகையில் பாதி இல்லை. வெள்ளைக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டிய மாதிரி இருந்தது. அடுத்ததைத் திறந்தான். அதுவும் அப்படித்தான். எல்லாமே அப்படித்தான்.

"எடே, உன் மஞ்சளுக்கு வெள்ளை தெரியாதுடே" என்றான் நண்பன். குரலில் அவ்வளவு ஆனந்தம். "இதைக் கொண்டு போய் ஐயர் வீட்டுக் கல்யாணத்தை எடு. மாப்பிள்ளை துணியில்லாம நிக்கற மாதிரி இருக்கும்."

அப்பாவோ மஞ்சள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதுதாம்லே நல்லா இருக்கு! என்ன வெள்ளை! சோப்பு விளம்பரம் கணக்கா இருக்கேன் பாரு. இந்தக் கேமராவையே எடு."

கட்சி மாறிவிட்டார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. முதலாளிக்கு போன் போட்டு, சிவப்பை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். பையில் இருந்த மூன்று லென்ஸ்களையும் வெளியே எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தேன். பூட்டி வைக்கப் போகிறோமே, ஒருமுறை துடைத்தாவது வைப்போம் என்று சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தேன்.

நண்பனுக்கு வென்றது போதவில்லை. சிவப்பின் பெருமையை இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். "பாரு, படத்தை எப்படி எடுத்தேன்னு அதுவே எழுதி வெச்சிருக்கும்" என்று ஏதோ ஒரு ஜன்னலைத் திறந்தான். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று அதில் இருந்தது. நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு வினாடி. லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துவாரம் ஐந்து புள்ளி ஆறு.

"மஞ்சளுக்கும் இருக்குமா?"

"இருக்கும். உன் பழைய லென்ஸோட துவாரம் அதுக்குத் தெரியாது. ஷட்டர் மட்டும் இருக்கும்."

திறந்தான். அறுபதில் ஒரு பங்கு.

துவாரம் கேமராவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஐந்து புள்ளி ஆறில் வைத்தவன் நான். அதே வாசல், அதே வெளிச்சம், அதே அப்பா. சிவப்பு தானாகக் கொடுத்ததைப்போல நான் இரண்டு மடங்கு வெளிச்சம் கொடுத்திருந்தேன்.

சரியாக ஒரு படி.

லென்ஸைத் துடைத்த கை நின்றுவிட்டது. பிறகு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், நாற்காலியில் உட்கார முடியவில்லை. பத்து வருஷமாகக் கருத்த முகங்களுக்கு என்று கூட்டிக் கொடுத்த அந்த ஒரு படி! நெகட்டிவில் வெளிச்சம் கூடினால் பிரிண்டில் சரிக்கட்டிக்கொள்ளலாம். டிஜிட்டலில் வெள்ளை ஒருமுறை வெந்துவிட்டால் அதிலிருந்து ஒன்றும் திரும்பி வராது. நூலகத்தில் அதைப் படித்தும் இருந்தேன், அடிக்கோடு போடாத குறையாக. மண்டைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. மஞ்சள் கேமராவில் கோளாறே இல்லை. மீட்டரில்தான் கோளாறு. நான்தானே மீட்டர்!

"என்னலே ஆச்சு?" என்று அப்பா பதறினார்.

"அப்பா, நான் ஃபிலிமுக்கு எடுத்திருக்கேன்! ஃபிலிம் இல்லாத கேமராவில ஃபிலிமுக்கு எடுத்திருக்கேன்!"

"இவனுக்கு வட்டுதான், மண்டை கழண்டுபோச்சு" என்றான் நண்பன். ஆனாலும் படத்தையும் கணக்கையும் திரும்பப் பார்த்துவிட்டு, "அட சவமே" என்று அவனும் சிரிக்கத் தொடங்கினான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொள்ள, நான் லென்ஸ்களைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ள, ஆட்டோவுக்குக் கையைக் காட்டி ஓடினோம். கிழக்கேகோட்டையில் வண்டிகள் அடைத்து நின்றன. சட்டைக்குள் இருந்த லென்ஸ்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்த என்னை டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். "கேமரா கடை" என்றேன். அவர் அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி சிவப்பைப் பெட்டியில் போட்டு, உறைக்கு மேல் நூல்கூடக் கட்டிவிட்டிருந்தார். நனைந்துபோய் வந்து நின்ற எங்களைப் பார்த்ததும், "தீருமானம் ஆச்சல்லே?" என்றார்.

"சார், மஞ்சளை இன்னும் ஒரே ஒரு தடவை."

"எந்தா? மீட்டருக்கு அசுகமோ?"

"ஆமா சார். இப்ப சுகமாயிட்டு."

மழை வெளிச்சம் கடைக்குள் சாம்பலாக வந்துகொண்டிருந்தது. அப்பாவைக் கண்ணாடிக் கதவோரம் நிறுத்தினேன். கண்ணைச் சுருக்கினேன். கை ஒன்று சொன்னது. கையிடம், "நீ சும்மா இரு" என்று வாய்விட்டே சொல்லி, ஒரு படி குறைத்து வைத்தேன். உடம்பெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றது. அமுக்கினேன். விரல் காற்றைச் சுற்றியது. சுற்றட்டும்.

முதலாளி தன் மேசைக் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். முகம் கொஞ்சம் அடங்கி இருந்தது, ஆனால் சேறாகவில்லை. விபூதியின் கோடுகள் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. வேட்டியைப் பெரிதாக்கச் சொன்னேன். மடிப்பு வந்தது. நூல் வந்தது. சரிகை வந்தது. இன்னும் கீழே போனால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக ஒரு பழுப்பு.

"இது என்னது?" என்று முதலாளி திரைக்குக் கிட்டப் போனார்.

அப்பா குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி வேட்டியைப் பார்த்தார். "டீக்கறை" என்றார், மிகச் சின்னக் குரலில். "உங்கம்மா போயிட்டுன்னு சொன்னாளே."

"கறை தெரியுது!" என்று நான் கத்தினேன். "சார், கறை தெரியுது! அப்பா, உங்க கறை தெரியுது!"

முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஃபிலிம் வாங்க வந்து மழைக்கு ஒதுங்கியிருந்த ஒருவரின் கையையும் குலுக்கினேன், அவருக்கு எதற்கென்று தெரியாது. வெள்ளையில் வெள்ளையாகக் கிடந்த ஒரு பழைய டீக்கறையைக்கூட விடாமல் பிடித்த கேமரா, என் பழைய லென்ஸ் வழியாக! முதலாளி சிவப்புப் பெட்டியின் நூலை அவிழ்க்கத் தொடங்கினார்.

அப்பா மட்டும் முறைத்துக்கொண்டு நின்றார். "சோப்பு விளம்பரம் கணக்கா இருந்தேன். இப்ப ஊருக்கெல்லாம் அழுக்கு வேட்டின்னு காட்டுது. இதுக்கா இவ்வளவு ஆட்டம்?"

கல்யாணத்தன்று காலையில் ஸ்ரீவராகத்து வீட்டு முற்றத்தில் வெயில் சுள்ளென்று விழுந்தது. ஊஞ்சல், மாலை மாற்றுதல், ஹோமப் புகை, வேட்டிகள், வேட்டிகள், வேட்டிகள். ஒவ்வொரு தடவையும் கை கூட்டச் சொன்னது, ஒவ்வொரு தடவையும் குறைத்தேன். விரல் பாட்டுக்குக் காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் என் விரலைப் பார்த்துத் தவில்காரருக்குக் கண்ணைக் காட்டினார். தாலி கட்டும்போது கெட்டிமேளத்தில் நான் எத்தனை படம் எடுத்தேனோ, எனக்கே தெரியாது. ரோல் தீர்ந்துவிடுமே என்ற பயம் இல்லாமல் ஒரு முகூர்த்தத்தை முழுசாகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

சாயங்காலம் நண்பனின் சென்டரில் உட்கார்ந்து படங்களைச் சுருக்கி அனுப்பினோம். சிவப்புக் கட்சிக்காரனே தன் கையால் அனுப்பினான். ஒவ்வொரு படமும் போய்ச் சேருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

மறுநாள் மீதிப் படங்களை சி.டி.யில் போட்டுக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். மாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பில்லை.

"அவன் விடியக்காலம்பற போன் பண்ணினான். எல்லாத்தையும் பார்த்துட்டான். பார்த்துட்டு ஒண்ணு சொன்னான்."

"என்ன மாமி?"

"மாப்பிள்ளை வேட்டியிலே மஞ்சள் கறை பட்டிருக்கு, அங்கே அத்தனை பேர் நின்னுண்டு ஒருத்தர் கண்ணிலேயும் படலையா, நான் இங்கேர்ந்து பார்த்துச் சொல்லணுமான்னு கத்தறான். நீங்களாவது எடுக்கறச்சே சொல்லப்படாதோ?"

"பட்டிருந்துதா மாமி?" என்று கேட்டேன்.

"நன்னா தெரியறதாமே!"

சி.டி.யை மாமியின் கையில் கொடுத்துவிட்டுத் தெருமுனை வரை ஒழுங்காக நடந்தேன். அதற்குமேல் முடியவில்லை, ஓடினேன். சாலை பஜார் வரை ஓடிப் போய், பாய்லர் முன்னால் நின்ற அப்பாவிடம் மூச்சு வாங்க, "அப்பா, அமெரிக்கா வரைக்கும் தெரிஞ்சிருக்கு!" என்றேன்.

அப்பா ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தி, "என் கறையா?" என்று கேட்டார்.